மலையைப் பார்த்தே திரும்பிய கழுத்து

1. வலது கையின் சுண்டு விரல் மரத்துப் போனது, கழுத்தும் வலித்தது.
2. அலுவலகத்தில் நான் வரைந்த ஒரு வீட்டின் படிக்கட்டு சுவரைத் தொடாமல் நின்றது. மவுஸ் நழுவியதை விரல் எனக்குச் சொல்லவில்லை.
3. உட்கார்ந்தே இருப்பதால்தான் இப்படி என்று நானே முடிவு செய்து, மாலையில் நடக்கத் தொடங்கினேன்.
4. நடக்க நடக்க வலி கூடியது. கழுத்தில் இருந்தது முழங்கை வரை இறங்கியது.
5. எங்கள் பொறியாளர் அழைத்து, "கை சரியாகலன்னா வரையற வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடலாம்மா. நீ முன்னாடி உக்காந்து வர்றவங்கள பாத்துக்கோ" என்றார். மாதக் கடைசி வரை பார்ப்பதாகவும் சொன்னார்.

ஐந்தாவதுதான் என்னை உலுக்கியது. வேங்கிக்காலில் கட்டப்படும் புது வீடுகளுக்குப் பிளான் வரைவது என் வேலை. வெறும் மனைக்குள் ஒரு சமையலறையை வைப்பேன், அதற்குக் கிழக்கே ஒரு ஜன்னலைத் திறப்பேன். ஒரு வருடம் கழித்து அந்தத் தெருவில் போகும்போது, அதே ஜன்னலுக்குப் பின்னால் யாரோ தாளித்துக்கொண்டிருப்பார்கள். இதை விட்டுவிட்டு முன்னால் போய் உட்கார எனக்கு மனம் இல்லை.

பிசியோதெரபிக்குப் போனேன். அங்கே இருந்த பெண்ணுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். முதல் நாள் என்னைச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னாள். குதிகால் ஒட்டியது, இடுப்பு ஒட்டியது. தோள் பாதிதான் ஒட்டியது. தலை ஒட்டவே இல்லை.

"ஸ்கூல்ல நீங்கதான் உயரமா?"

"ஆமா. கடைசி பெஞ்ச்."

"அதான். குனிஞ்சி குனிஞ்சே வளந்திருக்கீங்க."

உண்மைதான். தோழிகளோடு சமமாகத் தெரியக் குனிந்தேன். துப்பட்டாவைத் தோள் இரண்டிலும் பின் குத்திய வயதில், மார்பை மறைக்கத் தோளை முன்னால் வளைத்தேன். அடக்கமான பெண் என்று ஊரில் பெயர் வாங்கியது அந்த வளைவுதான். சமையல் மேடை எனக்குத் தாழ்வு, பாத்திரம் தேய்க்கும் தொட்டி அதைவிடத் தாழ்வு. ஆனால் இவை பழைய கணக்கு. வலி புதியது.

அவள் என்னைக் கண்ணாடி முன் திருப்பினாள். "நேரா பாருங்க."

"நேராதான் பாக்கறேன்."

"உங்க மூக்கு எங்க பாக்குது, பாருங்க."

என் மூக்கு வலப்பக்கம் இருந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் எங்கே உட்காருகிறேன் என்று கேட்டாள். ஜன்னல் ஓரம், ஜன்னல் எனக்கு வலப்பக்கம், அதில் மலை தெரியும். அதற்காகவே கேட்டு வாங்கிய இடம். மானிட்டரையும் அந்தப் பக்கமே தள்ளி வைத்திருந்தேன். மாலையில் எங்கே நடக்கிறேன் என்று கேட்டாள். அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டிலிருந்து கிரிவலப் பாதையில் குபேர லிங்கம் வரை.

"திரும்பி வரும்போது?"

"ஷேர் ஆட்டோ."

கடைக்குப் போக, பஸ் பிடிக்க எந்தத் திசையிலும் நடப்போம். மலையைப் பார்த்து நடப்பது என்றால் எங்கள் வீட்டில் ஒரே திசைதான். மலை எப்போதும் வலப்பக்கம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

அந்த நடையை என்ன சொல்வது! வெயில் தணிந்ததும் மலையின் நிறம் மாறத் தொடங்கும். செம்மண், பிறகு ஈரக் களிமண், பிறகு பெயர் தெரியாத ஒரு நீலம். ஒரு மேகம் உச்சியில் வந்து உட்கார்ந்தால், அது எழுந்து போகும்வரை கண்ணை எடுக்க முடியாது. கால்கள் தானாகப் போகும். எதிரே யார் வருகிறார்கள், எந்தக் கடை கடந்தது, ஒன்றும் தெரியாது. தூக்கத்தில் யாரோ என்னைத் தோளில் சாய்த்துக் கொண்டுபோவது போல இருக்கும். அத்தனை நேரமும் என் கழுத்து ஒரே பக்கம் முறுக்கிக்கொண்டு, அந்தப் பக்கத்து நரம்பை நெருக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் எதிர்ப்பக்கமா நடங்க, சரியா வரும்" என்றாள் பிசியோதெரபிஸ்ட். அவள் வெளியூர்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் கரண்டியோடு திரும்பினாள்.

"மலைய இடப்பக்கம் வெச்சிக்கினு நடப்பியா? எவளாவது நடப்பாளாடி?"

"டாக்டர் மாதிரிதாம்மா அவங்க. அவங்கதான் சொன்னாங்க."

"சொல்லுவா. அவ ஊர்ல மலை கீதா?"

"அப்போ என் வேலை போட்டும், பரவால்லியா?"

அம்மா தோசை ஊற்றினாள், திருப்பினாள், தட்டில் போட்டாள். பிறகு, "நம்ம கொல்லிக்குப் போற வண்டிப்பாதை இருக்குதுல்ல" என்றாள். "போறப்போ மலை முதுகுப் பக்கம். வர்றப்போ நேரா மூஞ்சிக்கு எதிர்ல. எந்தப் பக்கமும் திரும்ப வேணாம். சாமிக்கும் குத்தமில்ல."

இத்தனை நாள் பிளான் வரைந்தும் எனக்குத் தோன்றாத வழி. கொல்லை என்பது நாங்கள் மணிலா என்று சொல்லும் வேர்க்கடலை போடும் நிலம். மறுநாளிலிருந்து அம்மாவும் கூட வந்தாள். வரும்போது மலை பாதையின் முடிவில் அப்படியே எழுந்து நின்றது. நிமிர்ந்தால்தான் உச்சி தெரிந்தது. வளைந்தபடி பார்த்தால் அடிவாரத்துப் புதர்தான்.

"தோள பின்னாடி இழுடி. ஒட்டகம் மாதிரி போற."

"நீ மட்டும் நேராவா போற?"

"எனுக்கு வயசாச்சி. நீ இழு."

பௌர்ணமிக்கு மட்டும் வலம் வந்தோம். மக்கள் கூட்டம் ஆறாக நகர்ந்தது, நிலா வெளிச்சத்தில் எல்லார் தலையும் மலைப்பக்கமே சாய்ந்திருந்தது. என் தலையும் போனது. அம்மா என் இடப்பக்கம் வந்து நின்றுகொண்டாள். "இங்க பாரு, பேசிக்கினே வா" என்றாள். அத்தை மகள் வளைகாப்பில் சோறு குழைந்தது, மணிலா விலை ஜாஸ்தியானது, எதிர்வீட்டு மருமகள் பேசாதது எல்லாம் சொன்னாள். வேறு வழியில்லாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அவள் மூக்குத்தியில் நிலா விழுந்து விழுந்து எழுந்தது.

இப்போது நிலைமை இது. அலுவலகத்தில் மேசையைத் திருப்பிப் போட்டுவிட்டேன், மானிட்டர் நேராக இருக்கிறது, மலை தெரிவதில்லை. மாதக் கடைசியில் பொறியாளர் என் பிளான் ஒன்றைப் பார்த்துவிட்டு, வரையும் வேலையை என்னிடமே விட்டார். ஆனால் பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி தொடர்ந்து உட்காரக் கூடாது, அவ்வப்போது எழுந்து நிற்க வேண்டும். முழங்கை வலி போய்விட்டது. சுண்டு விரல் காலையில் கொஞ்ச நேரம் மரத்திருக்கிறது. சுவரோடு நின்றால் தலை ஒட்டுகிறது, தோள் இன்னும் முழுதாக ஒட்டவில்லை.