பூசைக்கு முன் நனைத்த கொப்பி

ஒக்டோபர் மாதம் முழுவதும் எங்கள் டோர்செட் பார்க் தொடர்மாடிக் கட்டடத்தில் மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒருநாள் செபமாலை, மறுநாள் அடுத்த வீடு. எந்த வீடு, எத்தனை மணி, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கொப்பியில் எழுதுவது நான். யாரும் கேட்டதில்லை. எழுதாவிட்டால் எனக்கு அந்த நாள் முடிந்ததாகத் தோன்றாது.

சென்ற வருட ஒக்டோபரின் கடைசி நாள், நிறைவுப் பூசை என் வீட்டில். தமிழ்ச் சுவாமிக்குக் காய்ச்சல் என்பதால், பங்கில் ஓய்விலிருக்கும் செக்கோஸ்லோவாக்கியச் சுவாமி வந்தார். எண்பதைத் தாண்டியவர். அங்கே கம்யூனிஸ்ட் அரசு அவர் பூசை வைக்கும் அனுமதியைப் பறித்தபின், பகலில் யன்னல் துடைத்து, மாலையில் மற்றவர்களின் வீட்டுக் குசினிகளில் ஒளித்துப் பூசை வைத்து, அதற்காகப் பிடிபட்டு மறியலில் அடைபட்டும் இருந்தவர்.

மேசையில் வெள்ளைத் துணி விரித்தாயிற்று. பத்தொன்பது பேர். நான் கதவருகில் நின்று பெயர்களைக் குறித்தேன்.

"நான் வராத நாளையும் எழுதிப்போட்டியளோ அக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஓம். ரெண்டு நாள்."

"கடவுள்ட நடுத்தீர்வையில கணக்கெழுதுற சம்மனசுக்கு வேலையில்லை. உந்தக் கொப்பியே காணும்."

எல்லோரும் சிரித்தார்கள். சுவாமி என்னவென்று கேட்டார். நான் பெருமையோடு கொப்பியை விரித்து, ஆங்கிலத்தில் விளக்கினேன்.

அவர் முகம் வெளிறியது. கழுத்திலிருந்த தோள்துகிலைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தார்.

"இது இருக்கும்வரை நான் பூசை வைக்கமாட்டேன்."

"இங்கே காட்டிக்கொடுக்க யாருமில்லை, சுவாமி."

"அங்கேயும் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. யார் வந்தார்கள், எந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று ஒருவர் ஒழுங்காக எழுதி அலுமாரியில் வைத்திருந்தார். பொலிஸ் எடுத்தது. அதிலிருந்த எல்லோருக்கும் வேலை போனது. ஒரு ஆசிரியை மறியலிலேயே செத்துப்போனாள்."

"எழுதினது யார்?"

"நான்."

அவ்வளவு துணிந்த மனிதர், என்னைப் போலவே ஒரு கொப்பிக்காரர்.

கொப்பியைக் கட்டடத்தின் குப்பைக் குழாயில் போடப் புறப்பட்டேன். "குப்பையையும் வாசிப்பார்கள்" என்று தடுத்தார். குசினி சிங்கில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு தாளாகக் கிழித்துப் போட்டு, கூழாகும்வரை பிசைந்தார். பக்கத்து வீட்டுக்காரியும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் கையை விட்டாள். நானும்.

மூன்று மணிக்குத் தொடங்கவேண்டிய பூசை மூன்று நாற்பதுக்குத் தொடங்கியது. அதை அன்றைய டயரியில் எழுதினேன். யார் யார் இருந்தார்கள் என்பதை எழுதவில்லை. இங்கேயும் எழுதவில்லை.