மென்று தின்ற களி

மைசூர் பட்டுப் பண்ணையில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, புழு வளர்ப்பைச் சொல்லித்தர ஜப்பானிலிருந்து ஒருவர் வந்திருந்தார். குள்ளமான, சுருக்கம் விழாத மனிதர். ஒவ்வொரு கவளத்தையும் கூழாகும்வரை மென்று, வயிறு நிறையுமுன் எழுந்துவிடுவார். ஐம்பது வயதிலும் மாடிப்படியைத் தாவி ஏறுவார். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

ஆனால் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறும் உப்பு கரிக்கும் ஊறுகாயும்தான் அவர் சாப்பாடு. ஒரு மழைக்காலத்தில் கால் வீங்கிப் படுத்துவிட்டார். சத்தில்லாத அந்தச் சோற்றை நிறுத்திவிட்டு ராகிக் களி சாப்பிடச் சொன்னார் டாக்டர்.

நானே களி கொண்டுபோனேன். அவர் தங்கியிருந்த அறையில் இருந்தது ஒரே நாற்காலி. அதில் அவர் உட்கார்ந்து, ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு மெல்லத் தொடங்கினார். பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

“களியை மெல்லக் கூடாதுங்க. அப்படியே முழுங்கோணும்.”

அந்த வாய்க் களியை நிதானமாக மென்று முடித்துவிட்டு, கொள்ளேகால் வேலையாட்களிடம் கற்ற தமிழில் அவர் கேட்டார்:

“முழுங்கிப்போட்டா சீக்கிரம் தீந்துபோயிருமுங்க. அப்பறம் நான் என்ன பண்றது?”

அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது என் வீட்டில் நான் ஒருவன்தான். நானும் களியை மெல்லுகிறேன்.