காதர் மைதீன் தவறிப் பேசவில்லை

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம் குழுவின் நாடகங்களைப் பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

காதர் மைதீன் இறந்த செய்தி புதன்கிழமை மதியம் என் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் வந்தது. பேசியவர் செல்லையா. தாராவியில் காதரின் தோல்பெட்டிப் பட்டறையில் வேலை பார்ப்பவர். "பாய் போய்ட்டாவ சார். நெஞ்சுவலி. நேத்தே அடக்கம் பண்ணியாச்சு. ஒங்ககிட்டச் சொல்லணும்னு வீட்ல சொன்னாவ." நான் "சரி" என்றேன். அன்று மாலைவரை எழுதிய கடிதங்கள் அத்தனையையும் மறுநாள் கிழித்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டம். நம் சங்கச் செயலாளர்தான் பேசினார். "எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் மேடையேறினா அவர் வாயில நம்பள் நிம்பள்தான் வரும். ரத்தத்துல ஊறினது. அன்னிக்கு அப்பா வேஷத்துலகூட அப்படித்தானே தவறிப் பேசினார்?" கூட்டம் மெல்லச் சிரித்தது. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்று அது பொய் என்று சொல்லவில்லை. கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

காதரை நாடகத்துக்குக் கொண்டுவந்தவன் நான். ஒரு காட்சிக்குப் பெட்டி இரவல் கேட்கப் பட்டறைக்குப் போனேன். தோல் வெட்டிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "பெட்டி மட்டும் போதுமா, தூக்கிட்டு வர ஆளும் வேணுமா?" என்று கேட்டார். அந்தக் குரலுக்காகவே அவரை ஒத்திகைக்கு அழைத்தேன். எட்டு வயதில் கடையநல்லூரிலிருந்து பம்பாய்க்கு வந்தவர். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கே சிரமப்படுவார். அதனால் நான் வசனத்தைப் படிக்க, அவர் கேட்டுச் சொல்லிப் பாடம் பண்ணுவார். மேடையிலும் பக்கத்திரைக்குப் பின்னால் பிரதியோடு நின்று நான்தான் அடியெடுத்துக் கொடுப்பேன்.

முதலில் அவருக்கு நான் எழுதியது சாயபு வேஷம். கட்டம் போட்ட லுங்கி, பச்சை பெல்ட், வாய்க்கு வாய் "நம்பள், நிம்பள்." நம் மேடையில் தொப்பி போட்டவன் அப்படித்தான் பேசுவான். நான் தென்காசிக்காரன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு முழுக்க முஸ்லிம்கள். அவர்கள் வீட்டிலும் என் வீட்டிலும் பேசியது ஒரே தமிழ். தெரிந்தேதான் எழுதினேன்.

முதல் நாளே கேட்டார். "அண்ணாச்சி, இந்த ஆளு எந்த ஊரு?"

"நம்ம பக்கம்னு வச்சுக்கிடுங்க."

"நம்ம பக்கத்துல எவன் இப்பிடிப் பேசுதான்? கழுதை பேசினாக்கூட இதைவிட ஒழுங்காப் பேசுமே."

"சிரிப்பு வரணும்லா."

"அப்பம் சரி. சிரிக்கட்டும்."

நான்கு வருஷம் சிரித்தார்கள்.

அந்த நாட்களில் ஒரு இந்தி நாடகத்தில் மதராசிச் சமையல்காரன் ஒருவன் வந்தான். நெற்றி நிறைய விபூதி, பேச்சுக்குப் பேச்சு "அய்யய்யோ." ஊரில் தென்னிந்தியர்கள் வெளியேற வேண்டும் என்று சுவர்களில் எழுதிக்கொண்டிருந்த சமயம் அது. நமக்கெல்லாம் ரத்தம் கொதித்தது. கிங்ஸ் சர்க்கிள் ஓட்டல் ஒன்றில் உட்கார்ந்து நான் கண்டனக் கடிதம் எழுதினேன். ஓர் இனத்தையே கோமாளியாக்குவது கலை ஆகாது என்று அதில் ஒரு வரி. எல்லோரும் அதைப் பாராட்டினார்கள். காதரும் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்: "அவன் நம்மளப் பாத்துச் சிரிச்சா மனு எழுதுதோம். நாம ஒருத்தனப் பாத்துச் சிரிக்கதுக்கு டிக்கெட் போடுதோம்." மேசையில் இருந்தவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்து, பட்டறை வாசலில் வைத்து ஒன்று கேட்டார். அவர் மகள் ரஹ்மத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். கூடப் படிக்கும் பிள்ளைகள் அவளை "நம்பள், நம்பள்" என்றே கூப்பிடுகிறார்களாம். வகுப்பில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாளாம். "ஒரே ஒரு வேசம் அண்ணாச்சி. எங்க வீட்ல பேசுத மாதிரி. அவ முன்னால இருந்து கேக்கணும். அதுக்குப் பொறவு நீங்க கழுதை வேசம் குடுத்தாலும் போடுதேன்."

எழுதினேன். மதராஸ் ரயிலில் மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் ஒரு தகப்பன். பத்து நிமிஷக் காட்சி. செயலாளருக்குப் பிடிக்கவில்லை. "அப்படிப் பேசினாத்தானே ஓய் சாயபுன்னு தெரியும்? இல்லேன்னா யாரோ ஒரு அப்பான்னுன்னா நெனச்சுப்பா." நினைக்கட்டும் என்றேன். அந்த ஒரு தடவைதான் அவரை எதிர்த்தேன்.

நாடகத்தன்று ரஹ்மத் தாயோடு பெண்கள் பக்கம் முன்வரிசையில் இருந்தாள். காதர் பேச ஆரம்பித்தார். சபை சிரிக்கத் தயாராக இருந்தது. சிரிக்க ஒன்றும் இல்லாததால் செருமியது, நாற்காலிகளை இழுத்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன், "என்ன பாய், நம்பளை வீட்ல வச்சுட்டு வந்துட்டீங்களா?" என்றான். ஒரே சிரிப்பு. காதருக்கு வசனம் மறந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

செயலாளர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். "பழைய மாதிரியே எடுத்துக் குடும் ஓய். நாடகம் படுத்துடும்."

பிரதியில் சரியான வரி இருந்தது. என் விரல் அதன்மேல்தான் இருந்தது. நான் வேறு சொன்னேன். "நிம்பள் அழாதே. நம்பள் இங்கே இருக்கான்."

காதர் அப்படியே சொன்னார். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. முன்வரிசையைப் பார்க்கவே இல்லை. மிச்சக் காட்சியைத் தரையைப் பார்த்தபடி பேசி முடித்தார்.

ஒப்பனை அறையில் செயலாளர் அவர் முதுகில் தட்டி, "உமக்கு அதுதான் பாய் வரது" என்றார். பிராம்ப்டர் சொன்னதைத்தான் சொன்னேன் என்று காதர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டே எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஒங்க குரல்ல வந்துது அண்ணாச்சி. அதான் சொல்லிட்டேன்" என்றார். தெருவில் ரஹ்மத் அவருக்குப் பத்தடி முன்னால் நடந்து போனாள். அவர் எட்டிப் பிடிக்க முயலவில்லை.

அதற்குப் பிறகு அவர் மேடை ஏறவில்லை. உங்கள் எல்லோரிடமும் வேலை அதிகம் என்று சொன்னார். நீங்களும் நம்பினீர்கள். நான் அவர் வீட்டுக்குப் போய் மகளிடம் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். மாட்டுங்காவிலிருந்து தாராவி எவ்வளவு தூரம்? போகவில்லை.

மேடையில் கேட்டதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் ஒரு மதியம் அதே வரியை அவர் பாடம் சொன்னது என்னிடம் இருக்கிறது. பசை நாற்றத்துக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அழாதளா. வாப்பா இங்கனதான நிக்கேன்." செல்லையா கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். எழுதியவன் நான், நானே இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவர் வீட்டுத் தமிழ் அதுதான். ரஹ்மத், உன் வாப்பா அன்று தவறவில்லை. தவறியவன் திரைக்குப் பின்னால் நின்றான்.

இதை நம் சங்கத்தின் மாத இதழுக்கு அனுப்புகிறேன். அடியில் பெயரை எழுதி, பிறகு அந்தத் துண்டைக் கிழித்துவிட்டேன். செயலாளர் இருக்கும் அதே கட்டடத்தில் நானும் குடியிருக்க வேண்டும். வேறு நியாயம் சொல்ல மாட்டேன். அந்த நாடகத்தின் நோட்டீஸ் யாரிடமாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். பிராம்ப்டர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர்தான் அச்சாகியிருக்கும். இந்தக் கடிதத்தைப் பெயரில்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.