ஒரு ரூபாய் குறைவான பல்செட்

அந்தத் துணிக்கடையில் அவளை எல்லாரும் ‘அட்டை அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று மாடிக் கடை. முதல் மாடிக்கு ஏறும் படிக்கட்டின் அடியில், சட்டென்று எழுந்தால் தலை இடிக்கும் ஓர் இடத்தில் அவளுடைய மேசை. அதன்மேல் அளவாக வெட்டிய கெட்டி அட்டைகள், கறுப்பும் சிவப்புமாக மார்க்கர்கள், அடிக்கோல், தப்பானால் சுரண்டிச் சரிசெய்ய ஒரு பாதி பிளேடு. சட்டைக் காலரில் தொங்கும் சின்னச் சீட்டுகளை இயந்திரமே அச்சிட்டுத் தள்ளிவிடும். ஆனால் துணி மேசைகளின் மேல் நிற்கும் பெரிய விலை அட்டையைக் கையால்தான் எழுத வேண்டும் என்பது முதலாளியின் பிடிவாதம். கையெழுத்தைப் பார்த்தால் ஜனங்கள் ஒரு நிமிடம் நிற்கிறார்கள் என்பார். பத்தொன்பது வருடமாக அவள் அதை எழுதிக்கொண்டிருந்தாள்.

சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு தவறு செய்தாள். ஒரே மாதிரிச் சட்டைகளை இரண்டு மேசையில் அடுக்கியிருந்தார்கள். இரண்டுக்கும் 199 என்று எழுதச் சொல்லியிருந்தார் முதலாளி. அலுப்பில், ஒரு ரூபாயில் என்ன வந்துவிடப் போகிறது என்று ஒரு அட்டையில் 200 என்று எழுதிவிட்டாள். சாயங்காலம் பார்த்தால் ஒரு மேசை காலி. இன்னொன்றில் சட்டைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. முதலாளி திட்டவில்லை. அவளைக் கூட்டிப்போய் இரண்டு மேசைக்கும் நடுவில் நிறுத்தி, “நல்லா பாரும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து நின்று பார்ப்பதுதான் அவளுடைய படிப்பு. ஒன்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை என்பதை முதலில் தெரிந்துகொண்டாள். 340-ஐ 339 ஆக்கினால் மைதான் செலவு. ஒருவரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 300-ஐ 299 ஆக்கினால் கை நீளுகிறது. முதலில் கண்ணில் படும் எண் மாற வேண்டும், அவ்வளவுதான். 199 கொடுத்துப் பை வாங்கிய பெண், பில் போடும் வரிசையில் நின்றபடியே போனில் சொல்வாள்: “நூத்திச் சொச்சம்தான்டி.” இருநூறு என்று ஒருத்தி வாயிலிருந்தும் அவள் கேட்டதில்லை. அதனால் முதல் எண்ணைத் தடிமனாகவும், பின்னால் வரும் ஒன்பதுகளை ஒரு சுற்று மெலிதாகவும் எழுதப் பழகினாள்.

ஒரு தடவை முதலாளியிடம் கேட்டும் பார்த்தாள். “இது ஏமாத்துறது இல்லையா சார்?”

“முழு விலையும் அட்டையில இருக்கே, ஒளிச்சா வச்சோம்? அவங்களா கொஞ்சம் ஏமாந்துக்கறாங்க. அதுல ஒரு சந்தோஷம்.”

அந்தப் பதில் சரியா தப்பா என்று அவளால் முடிவுகட்ட முடியவில்லை. அந்த மழைக்காலத்தில் குடைகளுக்கு 99 என்று தன் கையாலேயே அட்டை எழுதினாள். வேலை முடிந்ததும் அதில் ஒரு குடையை வாங்கிக்கொண்டு, தம்பி வீட்டுக்குப் போய், “நூறுகூட இல்லடா” என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. அட்டை எழுதியவளையே அட்டை பிடித்துவிட்டது என்று தம்பி ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

தம்பி அவளைவிட நாலு வயது சின்னவன். ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் பதினெட்டு வருடம் பல்செட் செய்தவன். நோயாளிகளின் முகத்தை அவன் பார்த்ததே இல்லை. வாயின் அச்சு மட்டும் மாவுக்கட்டியாக அவன் மேசைக்கு வரும். மெழுகில் ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாக நட்டு, அரைத்து, மெருகேற்றி முன்னறைக்கு அனுப்பிவிடுவான். பாராட்டு முன்னறையோடு நின்றுவிடும். நாற்பத்தாறு வயதில் அதை விட்டுவிட்டு, கடைத்தெருவில் இரண்டு அறை பிடித்தான். பல் டாக்டரம்மா ஒருவர் வாரத்தில் இரண்டு மாலை வந்து அச்சு எடுத்து, செட்டைப் பொருத்திக் கொடுக்கச் சம்மதித்தார். ஆனால் மூன்று மாதத்தில் பன்னிரண்டு செட்டாவது நடக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இரண்டு மாலையை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். டாக்டர் இல்லாமல் அவன் யார் வாயிலும் கை வைக்க முடியாது.

பழைய இடத்தின் பெரிய டாக்டர் அவனை வழியனுப்பிய விதமும் அப்படி. “போய்ட்டு வா. மூணு மாசத்துக்கு உன் ஸ்டூல்ல வேற யாரையும் உக்கார வைக்கல” என்றார். சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் காதில் வாங்கிக்கொண்டு நேராக அக்காவிடம் வந்தான், போர்டு எழுதித் தரச் சொல்லி.

“என்ன விலை போடப் போற?”

“ஐயாயிரம்.”

“போடா. நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது.”

“அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள இருக்கிற பல்லும் விழுந்துடும்க்கா.”

“யாரு சொல்லச் சொன்னா? பார்த்தாப் போதும். நாலுன்னு கண்ணுல பட்டா உள்ள வந்துடுவாங்க.”

“ஒரு ரூபாயில என்னக்கா இருக்கு?”

“பத்தொம்பது வருஷமா அந்த ஒரு ரூபாயிலதான்டா நான் சோறு திங்கிறேன்.”

வார விடுமுறை அன்று வந்து உட்கார்ந்து எழுதினாள். தடித்த கறுப்பில் ஒரு 4. அதன் பின்னால் மூன்று மெல்லிய சிவப்பு ஒன்பதுகள். வாழ்நாளில் எழுதியதிலேயே அழகான அட்டை என்று அவளுக்கே தோன்றியது.

ஆறு வாரத்தில் இரண்டு செட் நடந்தது. அதில் ஒன்று வீட்டுக்காரருக்கு. வாடகை கேட்க வந்த மனிதர் பேச்சோடு பேச்சாக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தம்பி மனைவி போன் செய்தாள்.

“அண்ணி, ஒரு நாள் வந்து உக்காந்து பாருங்களேன். ஜனங்க நிக்கிறாங்க, படிக்கிறாங்க, போயிடறாங்க. இவர் வாயே திறக்க மாட்டேங்கறார். பழைய இடத்துக்குப் போட்டுட்டுப் போற சட்டையை நேத்து எடுத்துத் தேய்ச்சு வச்சிருக்கார்.”

சட்டையைத் தேய்த்து வைத்தான் என்பது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த விடுமுறையில் வந்து, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

போர்டு ஆட்களை நிறுத்தியது. அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் நின்ற பிறகு நடந்தது வேறு. ஒவ்வொருவரும் நாக்கால் கன்னத்தை உள்ளிருந்து தள்ளினார்கள். பல் இல்லாத இடத்தைத் தடவிப் பார்த்தார்கள். அப்புறம் போர்டை இன்னொரு தடவை படித்தார்கள். துணிக்கடையில் இரண்டாம் தடவை படிப்பவரை அவள் பார்த்ததில்லை. அங்கே ஒரு பார்வை, உடனே கை. இங்கே இரண்டாவது பார்வையில் ஒன்பதுகளையும் சேர்த்துப் படித்தார்கள். படித்துவிட்டுப் போனார்கள்.

அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தலையை மட்டும் உள்ளே நீட்டினாள். “இந்தத் தள்ளுபடி எப்பம்மா முடியுது?”

“தள்ளுபடி எல்லாம் இல்லம்மா. விலையே அதுதான்.”

“பழைய ஸ்டாக்கோன்னு நெனச்சேன்.” தலை வெளியே போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் தன் அம்மாவோடு போன ஒருவர் வாசலில் நின்று, “மேல் வரிசை வாங்கினா கீழ் வரிசை ஃப்ரீயாம்மா? கேட்டுட்டு வரட்டுமா?” என்றார். அந்த அம்மா அவர் முதுகில் ஒன்று வைத்தாள். இருவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். உள்ளறையில் அரம் தேய்க்கும் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

மூன்றாவதாக வந்தவர் உள்ளேயே வந்தார். உயரமான மனிதர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் என்று தானே சொன்னார். பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டார்.

“நீங்கதான் கடைக்காரங்களா?”

“தம்பி கடைங்க. போர்டு நான் எழுதினது.”

“கையெழுத்து நல்லா இருக்கு. ஒன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? அந்த ஒரு ரூபாய்க்கு எதைக் குறைச்சீங்க?”

“எதையும் குறைக்கலைங்க.”

“அப்ப ஏன் குறைச்சீங்க?”

அவள் கண்ணாடிக் கதவு வழியே போர்டைத் திரும்பிப் பார்த்தாள். அவரே சொன்னார்: “சட்டைன்னா நானும் இப்படிப் பார்த்துத்தான் வாங்குறேன். பிடிக்கலைன்னா பீரோவுல கிடக்கட்டும்னு விட்டுடலாம். இது வாய்க்குள்ள கிடக்கப் போறது. விலையிலயே ஒரு ரூபாய்க்கு வேலை காட்டுறவங்க, பல்லுல என்ன காட்டுவாங்களோன்னு ஒரு யோசனை. தப்பா எடுத்துக்காதீங்க.” கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

முதலில் கோபம்தான் வந்தது. இவர் என்ன கண்டார், எத்தனை ஆயிரம் அட்டை எழுதியிருப்பேன் என்று பொருமிக்கொண்டே உள்ளறைக்குப் போனாள். தம்பி வீட்டுக்காரரின் செட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடிக்கும்போது ஓரிடத்தில் உறுத்துகிறது என்று அவர் திருப்பிக் கொடுத்திருந்தார். ஒரு பல்லை இரண்டு தேய்ப்பு தேய்ப்பான், விரலால் தடவுவான், மறுபடி தேய்ப்பான்.

“எவ்வளவுடா ஏறியிருக்கு?”

“மயிரிழை.”

“அது யாருக்குத் தெரியப் போகுது?”

“நாக்குக்குத் தெரியும்க்கா.”

அவள் அங்கேயே ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பத்தொன்பது வருடமும் அவள் கண்ணுக்கே வேலை செய்திருக்கிறாள். கண் அவசரக்காரன்; நாலைப் பார்த்தால் நாலோடு போய்விடும். சட்டை வாங்க வருபவருக்கு உள்ளுக்குள் ஏற்கெனவே ஆசை இருக்கிறது. வாங்கிக்கோ, பரவாயில்லை என்று யாராவது சொன்னால் போதும். அந்த ஒரு ரூபாய் அதைத்தான் சொல்கிறது. பல் போனவர் ஆசையோடு வருவதில்லை. பயத்தோடும் கொஞ்சம் வெட்கத்தோடும் வருகிறார். அவரைப் பார்த்து ஒரு போர்டு கண்ணடித்தால் பின்வாங்கத்தான் செய்வார். தனக்குத் தெரிந்த ஒரே வித்தை எல்லா இடத்துக்கும் ஆகும் என்று நினைத்தது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்று அவளுக்குப் பட்டது.

“போர்டைக் கழட்டுடா.”

“என்ன எழுதப் போற?”

“நீ சொன்னதை.”

எண்ணால் எழுதாமல் எழுத்தால் எழுத வேண்டும் என்று தோன்றியது. விலையை எழுத்தில் எழுதி அவளுக்குப் பழக்கமே இல்லை. ‘ஐ’யை மூன்று அட்டையில் எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டாள். நாலாவதில், எந்த எழுத்தும் தடிக்காமல், எதுவும் மெலியாமல் ‘முழு பல்செட் ஐயாயிரம்’ என்று கறுப்பில் எழுதி முடித்தாள். அதன் கீழே சின்னதாக, ‘கடித்துப் பார்த்துச் சரியாக அமையும் வரை திருத்தித் தருவோம்.’

“இதை முதல்லயே எழுதியிருக்கலாமேக்கா.”

“நீ முதல்லயே சண்டை போட்டிருக்கலாமே.”

“உன்கூடவா?” என்றான்.

தம்பி மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு ரூபாய் ஏத்திட்டீங்களா அண்ணி? இனிமே எங்களைக் கையில பிடிக்க முடியாது” என்றாள்.

அதன் பிறகு கூட்டம் அலைமோதியது என்று சொன்னால் பொய். நின்று படித்தவர்கள் முன்பைவிடக் குறைவு. ஆனால் நின்றவர்களில் பாதிப் பேர் கதவைத் தள்ளினார்கள். வலிக்குமா, எத்தனை தடவை வர வேண்டும், கழற்றி எதில் போட்டு வைப்பது என்று கேட்டார்கள். விலையைப் பற்றிக் கேட்டவர் ஒருவர் இருவர்தான். கணக்கு வாத்தியார் இரண்டாவது வாரம் வந்தார். போர்டைப் பார்த்தார். “டாக்டர் எத்தனை மணிக்கு வருவாங்க?” என்று மட்டும் கேட்டார். எல்லாம் போர்டால்தான் நடந்ததா, இல்லை வீட்டுக்காரர் போகிற இடமெல்லாம் ஆப்பிள் கடித்துக் காட்டியதாலா என்று அவளுக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

மூன்று மாதக் கெடு முடியும் மாலையில் அவள் கடையில் அனுமதி கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். டாக்டரம்மா நோட்டை விரல் வைத்துக் கீழே வரை எண்ணினார்.

“பத்து” என்றார்.

“ஆமா மேடம். பத்துதான்” என்றான் தம்பி.

“பன்னெண்டு பேசினோம்.”

“பேசினோம் மேடம்.” கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே நின்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்துப் பேச அவனுக்கு வராது.

அவள்தான் முன்னால் வந்தாள். “மேடம், முதல் ஆறு வாரத்துல ரெண்டு, அடுத்த ஆறு வாரத்துல எட்டு. அந்த முதல் ஆறு வாரத்தை அவன் தலையில கட்டாதீங்க. அவன் ஐயாயிரம்னுதான் சொன்னான். எனக்கு எல்லாம் தெரியும்னு நான்தான் மாத்தி எழுதினேன். அது என் தப்பு.”

“அக்கா, விடுக்கா.”

“நீ சும்மா இருடா.”

டாக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். “பத்தையே பன்னெண்டு மாதிரி காட்டப் போறீங்கன்னு நெனச்சேன். துணிக்கடையில உங்க வேலையே அதானாமே?”

“கடையில காட்டுவேன் மேடம். இங்க பத்து பத்துதான்.”

டாக்டரம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது. நோட்டை மூடினார். “இன்னும் மூணு மாசம் பார்ப்போம். தம்பி, இந்த ஒரு பெஞ்ச் போதாது, இன்னொன்னு வாங்கிப் போடுங்க.”

முன்னறைப் பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள். நாலாவதாக ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் விழித்தார். அவள் உள்ளறையிலிருந்து ஸ்டூலைத் தூக்கி வந்து அவருக்குப் போட்டுவிட்டு, சுவரோரமாக நின்றுகொண்டாள்.

“முதல்ல யாரு?” என்று உள்ளிருந்து டாக்டரம்மா கூப்பிட்டார்.