அம்மாவின் சந்தனச் சவர்க்காரம்

தெம்பனிஸ் கடையில் வாங்கிவந்த சவர்க்காரத்தை மருமகள் பிரித்தாள். சந்தன வாசம் என்னை ஜப்பான்காரன் ஆண்ட காலத்து எங்கள் தேக்கா வீட்டுக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அப்போது சவர்க்காரம் கண்ணிலேயே படாது; எல்லார் குளியலும் அடுப்புச் சாம்பலில்தான். அம்மா மட்டும் ஒரே ஒரு சந்தனக் கட்டியை, அக்காவின் கல்யாணத்துக்கென்று, காலி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தார்.

ஒருநாள் துணிக்கடை முதலாளியம்மா, எப்படியோ விஷயம் தெரிந்து, எங்கள் வாசலுக்கு வந்து தங்க வளையலைக் கழற்றி நீட்டினார்.

"நாளைக்கு மகளுக்குக் கல்யாணம். இத வச்சுக்கிட்டு அந்தச் சவர்க்காரத்தக் குடு, செல்லம்மா."

அக்காவுக்கு அழுகை முட்டியது. கூந்தல் இருக்கிறவள் அள்ளி முடிகிறாள் என்பார்கள். அன்றைக்குக் கூந்தல் எங்கள் வீட்டில் இருந்தது.

அம்மா வளையலை அவர் கையிலேயே திரும்ப மாட்டிவிட்டார்.

"விக்கிறதுக்கில்லக்கா. பொண்ணக் குளிப்பாட்டிட்டு மிச்சத்தக் கொண்டாங்க. அடுத்து எம்பொண்ணும் குளிக்கணும்ல?"

மறுநாள் கல்யாணம் முடிந்த கையோடு முதலாளியம்மா அதைச் சிரட்டையில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தார், பாதிகூடத் தேயவில்லை. அக்காவின் கல்யாணத்தன்று விடியற்காலையில் அவரே வந்து, வளையல்களை ஒதுக்கிவிட்டு, அக்காவுக்கு முதுகு தேய்த்தார்.

"அஞ்சு வாங்குனா ஒண்ணு ஃப்ரீ லா, அத்தே," என்று பிரித்த சவர்க்காரத்தை என்னிடம் நீட்டினாள் மருமகள்.

இலவசமாக வந்த அந்த ஒன்றை எதிர்வீட்டு மலாய்க்காரம்மாவுக்குக் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன்.