அண்ணி அணைக்காத ஸ்விட்ச்

என் அண்ணி பத்தொன்பது வருஷம் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் முன்மேஜையில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களின் பெயரையும் வயதையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், லேபிள் அடித்து டியூபில் ஒட்ட வேண்டும், சாயங்காலம் ரிப்போர்ட்டை அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். பெயரைக் கேட்டு எழுதிவிட்டு, "இன்னொருதரம் சொல்லுங்க" என்பார். சொன்ன பிறகும் விடமாட்டார். "இப்பத்தானேம்மா சொன்னேன்" என்று சிடுசிடுப்பவர்களிடம், "உங்க ரத்தத்துக்கு வேற ஒருத்தர் மாத்திரை சாப்பிடக் கூடாதுல்ல" என்று பதில் வரும். வீட்டில் அண்ணன் அவருக்கு 'இன்னொருதரம்' என்றே பட்டப்பெயர் வைத்திருந்தான். கேலிதான். ஆனால் பத்தொன்பது வருஷத்தில் அந்த லேபில் ஒரு லேபிள்கூட மாறி ஒட்டப்பட்டதில்லை.

அந்த லேபுக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டதும் அவர்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை திறந்துவிட்டு நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்த காலம். "எங்க வீட்டுத் தம்பி, கைசுத்தமா வேலை செய்வாரு" என்று லேப் நடத்தும் டாக்டரம்மாவின் முன்னால் என்னை நிறுத்தினார். அன்றைக்குக் கிடைத்த வேலைதான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது.

என் தொழிலில் எனக்கு ஒரு வேதவாக்கு இருந்தது. மெஷின் படுத்துவிட்டால் கடைசியாக அதைத் தொட்டவர் பேச்சை நம்பாதே. எல்லோரும் "நான் ஒண்ணும் பண்ணலையே" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கீபோர்டில் காப்பியைக் கவிழ்த்தவர், காப்பி சொட்டச் சொட்ட அதே வசனத்தைச் சொல்வார். இப்படி ஆயிரம் பேரைப் பார்த்ததில் என் காதே அடைத்துப்போயிருந்தது. அதை அனுபவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் முன்மேஜைக் கம்ப்யூட்டரைப் புது வெர்ஷனுக்கு மாற்றச் சொல்லி, போனில் நான்தான் அண்ணிக்கு வழி சொன்னேன். புதன்கிழமை காலை கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், பொத்தானை அழுத்தியதும் சின்னம் வருகிறது, புள்ளிகள் சுற்றுகின்றன, நீலத் திரை வருகிறது, மெஷின் தானாக அணைந்து மறுபடி ஆரம்பிக்கிறது. திரும்பவும் சின்னம், புள்ளிகள், நீலம். எதிரே பெஞ்சில் வெறும் வயிற்றோடு பதினைந்து பேர்.

"தம்பி, நேத்து அப்கிரேடு முழுசா முடிஞ்சுது" என்றார் அண்ணி. "அப்புறம் லேபிள் பிரிண்டரைப் போட்டேன். உடனே நீலமா வந்து தானா நின்னுடுச்சு. காலையில அந்த ஒயரைக் கழட்டிட்டுப் பாத்தேன், ஒழுங்கா வந்துது. மாட்டினேன், போச்சு."

இதற்கு மேல் ஒரு ரிப்பேர்காரனுக்கு என்ன வேண்டும்? வியாதியையும் சொல்லி, மருந்தையும் கையில் கொடுத்துவிட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் சும்மா இருங்க அண்ணி. பிரிண்டருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல." பதினைந்து பேர் கேட்கத்தான் சொன்னேன்.

அப்புறம் என் வித்தைகளை எல்லாம் இறக்கினேன். ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஓடியது, பலனில்லை. வெளியிலிருந்து ஏற்றியது எதையும் சேர்க்காமல் எழும் சேஃப் மோடில் மெஷின் பூனைக்குட்டி மாதிரி அமைதியாக எழுந்தது. மெமரியில் பழுதில்லை, டிஸ்க்கிலும் இல்லை. மெஷின் தானாகவே குறித்து வைக்கும் பதிவேட்டைத் திறந்தேன். முந்தின நாள் மாலை ஐந்து பத்துக்கு, முறைப்படி மூடாமல் மெஷின் நின்றது என்று ஒரு வரி. அண்ணி வீட்டுக்குக் கிளம்புவது ஐந்து மணிவாக்கில். சரிதான், அப்கிரேடு முடியும் முன்னாலேயே ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். கரண்டைப் பிடுங்கினாலும், சிஸ்டம் தானே விழுந்தாலும் அந்த வரி ஒரே மாதிரிதான் பதிவாகும். எனக்குத் தெரியாத விஷயமில்லை. அன்றைக்கு ஏனோ தெரிந்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை.

எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். லேபிள் பிரிண்டருக்கும் இணையத்திலிருந்து புது டிரைவர் எடுத்துப் போட்டேன். டிரைவர் என்பது மெஷினுக்கும் பிரிண்டருக்கும் நடுவே பேசி வைக்கும் தரகன். வியாழன் மதியம் எல்லாம் ஓடியது. நான் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் ரிப்போர்ட் தாமதம். அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்த ஒருவரின் மகன் வந்து மேஜையைத் தட்டிக் கத்திவிட்டுப் போனார். டாக்டரம்மா என்னிடம், "என்ன காரணம்னு எழுதிக் கொடுங்க. யாரையும் பாக்காம எழுதுங்க" என்றார். பக்கத்தில் நின்ற லேப் டெக்னீஷியன் சிரித்தான். "கொழுந்தனார் எழுதுற ரிப்போர்ட்டுதானே? அண்ணிக்கு என்ன வந்துடப்போகுது."

சுருக்கென்று தைத்தது. சொந்தக்காரி என்று வளைந்துகொடுத்தான் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது. வேறு யாராவது அந்த மேஜையில் இருந்திருந்தால் 'காரணம் உறுதியாகத் தெரியவில்லை' என்று எழுதியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படித்தான் எழுதியிருப்பேன். அண்ணி என்பதால், 'மாலை 5.10-க்கு, அப்கிரேடு நடந்துகொண்டிருந்தபோது ஸ்விட்ச் அணைக்கப்பட்டுள்ளது. பயன்படுத்தியவரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நேர்மை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். நேர்மையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வெறும் வீம்பு.

அண்ணி அந்தத் தாளைப் படித்தார். "நான் அணைக்கல தம்பி" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். வீட்டில் அண்ணன் என்மேல் எகிறியபோது அவனை அடக்கியதும் அவர்தான். "அவர் மெஷினுக்குள்ள பாத்துட்டு எழுதியிருக்காரு. இல்லாததை எழுதுவாரா?"

முன்மேஜையில் வேறொரு பெண் உட்கார்ந்தாள். அண்ணியைப் பின்னறையில் பழைய ஃபைல்களை அடுக்க விட்டார்கள். கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம் என்று உத்தரவு. மூன்று மாதம் போனார். பிறகு முட்டிவலி என்று நின்றுவிட்டார்.

எட்டு மாதம் கழித்து லேபின் கிளையிலிருந்து அழைப்பு. அப்கிரேடு, சின்னம், புள்ளிகள், நீலம். அங்கே இருந்தவர், "பிரிண்டர் ஒயரைப் புடுங்கினா வருது சார்" என்றார். பிடுங்கினேன். வந்தது. மெஷின் விழும்போது தானாக எழுதி வைக்கும் கோப்பைத் திறந்தேன். குற்றவாளியின் பெயர் அதில் அப்பட்டமாக இருந்தது. லேபிள் பிரிண்டரின் பழைய டிரைவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரே சிடியிலிருந்து இரண்டு இடத்திலும் ஏற்றியவன் நான். அப்கிரேடுக்கு முன்னால் அதை மாற்றியிருக்க வேண்டியவனும் நான்.

கால் மணி நேரத்தில் சரிசெய்து, நல்ல பெயரும் வாங்கிக்கொண்டு வந்தேன். உடனே ஓடிப்போய்ச் சொன்னேனா என்றால், இல்லை. பிழைப்பு போய்விடுமே என்று பதினைந்து நாள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அந்த நாட்களில் அண்ணன் வீட்டுத் தெருப்பக்கமே போகவில்லை. பிறகு ஒரு நாள் தாங்க முடியாமல் டாக்டரம்மாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அந்தம்மாவை நான் பின்னறைக்கு அனுப்பினேனே" என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து, பழைய ரிப்போர்ட் தவறு என்று தன் கையாலேயே எழுதி, முத்திரை குத்தி நீட்டினார். "திங்கட்கிழமையே வரச் சொல்லுங்க. அதே மேஜை. நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க."

நேராக அண்ணியிடம் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். தாளைக் கொடுத்து, சிடியிலிருந்து டிரைவர் வரை ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் தாளை இரண்டு தடவை படித்தார்.

"எனக்காகத் தப்பை உங்க தலையில போட்டுக்கிட்டீங்களா தம்பி?"

"இல்ல அண்ணி. நிஜமாவே என் தப்புதான். நீங்க ஸ்விட்சைத் தொடவே இல்ல. நீங்க அன்னைக்குச் சொன்னது அத்தனையும் சரி."

"ஆரம்பத்துல நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார் அண்ணி, குரலில் துளிக் கோபமில்லாமல். "அப்புறம் வீட்ல உக்காந்து யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். இப்ப நல்லா ஞாபகம் இருக்கு. மணி அஞ்சு பத்து. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, நின்ன வாக்குல எடது கையால அணைச்சேன். திங்கட்கிழமை வரலைன்னு டாக்டரம்மாகிட்ட சொல்லிடுங்க. என்னை நம்பி இனிமே எதையும் குடுக்க வேணாம்."

ஐந்து பத்து என்பது நான் எழுதிய நேரம். "அண்ணி, அந்த ஸ்விட்ச் மேஜைக்கு அடியில, சுவரோட ஒட்டி இருக்கு. நின்னுக்கிட்டு அதை யாராலயும் அணைக்க முடியாது. முட்டி போட்டாத்தான் கை எட்டும்."

அண்ணி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஆமா தம்பி" என்றார். "முட்டி போட்டுத்தான் அணைச்சேன்."