கூடத்துத் தரையின் சரிவு

"...கோபுரமும் இந்தப் பெரிய கூடமும் ஒரே காலத்திலை, ஒரே ஆக்கள் கட்டினது," என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தா. கோயிலிலிருந்து மாளிகை பார்க்க வந்த எங்கடை சனம் பதினைந்து பேரும் தலையாட்டினார்கள். நான் வாளியும் மொப்புமாக மூலையில் நின்றேன்.

ஜேர்மனியில் ஹாலே நகருக்குப் பக்கத்திலுள்ள அந்த நிலப்பிரபு மாளிகையைப் பன்னிரண்டு வருசமாகத் துடைப்பவள் நான். அக்கா இங்கே வழிகாட்டியாக வந்து ஆறு மாதம். அந்த வேலை கேட்டு நானும் அன்ட்ராக் எழுதி விண்ணப்பம் போட்டேன். "உங்கடை ஜேர்மன் காணாது" என்றார்கள். சரி, அது நியாயம். ஆனால் இன்றைக்குச் சொல்லவேண்டியது தமிழில். அதற்கும் அவவைத்தான் கூப்பிட்டார்கள். கழுத்தில் அட்டை, கையில் மாளிகைக் கதவின் முழ நீள இரும்புத் திறப்பு. அடுத்த வீட்டுக்காரி பிள்ளை பெத்தாள் எண்டு அம்மிக்குழவியால் தன் வயிற்றில் இடிச்சவளைப் பற்றி எங்கடை சனம் சொல்லும். அன்றைக்கு அவள் நான்தான். அந்தத் திறப்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

அவ பிழையாகச் சொன்னதில் எனக்கு ஒரு சந்தோசம். அதை ஏன் ஒளிப்பான்.

"அக்கா, அது பிழை," என்றேன்.

"எந்தப் புத்தகத்திலை கிடக்கு?"

"புத்தகத்திலை இல்லை. வாளியிலை கிடக்கு."

சனம் சிரித்தது. நான் கோபுரச் சுவரடியில் கொஞ்சம் தண்ணீரைச் சரித்தேன். அது அங்கே நிற்கவில்லை. கற்களுக்கிடையால் நெளிந்து எதிர்ப்பக்கச் சன்னலடிக்கு ஓடியது.

"வீட்டுக்குள்ளை ஆரும் தரையை இப்பிடிச் சரிச்சுப் போடுவினமோ? இது முற்றம். மழைத்தண்ணி சுவரடியிலை தேங்கக்கூடாதெண்டு சரிச்சது. முதல் கோபுரம் தனிய நிண்டிருக்கு. பிறகு வந்தவை முற்றத்துக் கல்லைக் கிளப்பாமலே கூடத்தைக் கட்டிப்போட்டினம். ஒவ்வொரு கிழமையும் துடைக்கிற எனக்குத் தெரியாதே?"

"பிள்ளை, உம்மை ஏன் உவை வாளியோடை விட்டிருக்கினம்?" என்று ஒரு ஐயா கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்குத் தேன் மாதிரி இருந்தது. அக்காவின் முகம் வாடும் என்று பார்த்தேன். அவ குனிந்து, ஈரம் போன வழியைக் கடைசிவரை பார்த்தா.

"அப்ப மிச்சத்தையும் நீரே சொல்லும்," என்று திறப்பை என் கையில் வைத்தா. பிறகு மொப்பை வாங்கிக்கொண்டு போய், சன்னலடியிலிருந்து துடைக்கத் தொடங்கினா, என்னைவிடச் சுத்தமாக.